ஆற்று மட்டம் 40 மீட்டர் என்றால் 40 மீட்டர் ஆழமா? வெள்ள எச்சரிக்கை எண்களைப் படிப்பது எப்படி

மாலை மழை விடாமல் பெய்தால் போதும். செலாயாங், பத்துமலை, கோம்பாக் வட்டாரத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஆற்று மட்டத்தைக் காட்டும் படங்கள் வரிசையாக வந்து விழும். ஒரு பேச்சுக்கு, "சுங்கை பத்து 40 மீட்டர், ஆபத்து" என்று ஒரு தகவல் வருவதாக வைத்துக்கொள்வோம்.

அதைப் பார்த்ததும் ஒருவர் பதறிப்போவார். இன்னொருவர், "40 மீட்டர்னா 13 மாடி உயரம். நம்ம ஆத்துல அவ்வளவு தண்ணி எங்க இருக்கு? சும்மா கதை" என்று தள்ளிவிடுவார். முதலாமவர் எண்ணை ஆழமாக நினைத்துப் பயப்படுகிறார். இரண்டாமவரும் அதை ஆழமாக நினைத்துத்தான் நம்ப மறுக்கிறார். ஆனால், அந்த 40 மீட்டர் ஆழமே இல்லை.

நீச்சல் குளம், ஆறு, அணைக்கட்டு, கடல், வெள்ளம் புகுந்த வீடு என எல்லா இடத்திலும் தண்ணீரை மீட்டரில்தான் சொல்கிறோம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மீட்டரை எண்ணத் தொடங்கும் புள்ளி வேறு. அந்தப் புள்ளி தெரியாவிட்டால் எண் சரியாக இருந்தாலும் முடிவு தவறாகிவிடும். வெள்ள நேரத்தில் அந்தத் தவறுக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

ஆழமும் மட்டமும் ஒன்றா?

இல்லை. ஆழம் என்பது தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து அடித்தரை வரையுள்ள தூரம். நீச்சல் குளத்தின் ஓரத்தில் 1.2 மீட்டர் என்று எழுதியிருந்தால் அது உண்மையான ஆழம். அங்கே தரையும் மாறாது, தண்ணீரின் மேற்பரப்பும் பெரிதாக மாறாது. அதனால் ஒரே எண்ணை ஓட்டில் பதித்துவிட்டுப் போய்விடலாம்.

மட்டம் என்பது வேறு. ஒரு நிலையான புள்ளியிலிருந்து தண்ணீரின் மேற்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே மட்டம். அடித்தரை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை.

வடிகால் நீர்ப்பாசனத் துறையான ஜேபிஎஸ், இன்ஃபோபஞ்சிர் தளத்தில் வெளியிடுவது ஆற்றின் மட்டத்தை. அந்த எண் சராசரி கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. செலாயாங் கடலோரத்தில் இல்லை. நிலமே கடலைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓடும் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தாலும் அதன் மட்டம் பல பத்து மீட்டர் என்றுதான் காட்டும். கிள்ளான் பக்கம் போனால், ஆறு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மட்டம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும்.

அப்படியென்றால் அந்தப் பூஜ்யம் எங்கே இருக்கிறது?

கிள்ளான் துறைமுகத்தில். தீபகற்ப மலேசியாவில் நிலத்தின் உயரம் எல்லாவற்றுக்கும் அங்கே பதிவான கடல் மட்டம்தான் அடிப்படை.

இதற்கு நூறு ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1911 செப்டம்பர் முதல் 1912 மே வரை, அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட இதே துறைமுகத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் வாட்டர்விட்ச் என்ற கப்பல் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்தது. அதன் சராசரிதான் நாட்டின் முதல் நில அளவைப் பூஜ்யமானது. அது வெறும் 9 மாதப் பதிவு. பின்னர், 1984 முதல் 1993 வரை 10 ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்தில் தொடர்ந்து அளந்த கடல் மட்டத்தின் சராசரியை எடுத்துப் புதிய பூஜ்யத்தை உருவாக்கினார்கள். அங்கிருந்து தீபகற்பம் முழுவதும் உயரக் குறியீட்டுக் கற்கள் வழியாக அந்த உயரம் கொண்டுசெல்லப்பட்டது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கற்களில் பதித்த பூஜ்யம் அப்படியே இருக்கிறது. கடல் அப்படி இல்லை. செயற்கைக்கோள் கணக்கின்படி 1993க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நமது பூஜ்யம் இன்றைய கடலின் பூஜ்யம் அல்ல, 40 ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் பூஜ்யம்.

நேரடியாக ஆற்றின் ஆழத்தையே சொன்னால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் ஆற்றின் அடித்தரை நிலையானது இல்லை. ஒரு பெருமழை மண்ணை அரித்துக்கொண்டு போகும். அடுத்த மழை மேலே இருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டும். கட்டுமான இடங்களிலிருந்து வரும் சேறும் படியும். இன்றைக்கு 2 மீட்டர் ஆழமாக இருந்த இடம் ஒரு மாதத்தில் ஒன்றரை மீட்டராகிவிடலாம். அதே ஆற்றில் பத்தடி தள்ளிப் போனால் ஆழம் மறுபடியும் வேறு.

மட்டத்தில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு பெரிய வசதியும் உண்டு: ஆற்றங்கரையின் உயரமும் அதே பூஜ்யத்திலிருந்து அளக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் கழித்தால், தண்ணீர் கரையைத் தாண்ட இன்னும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். கரை 41 மீட்டரில், ஆறு 40 மீட்டரில் இருந்தால் மிச்சம் 1 மீட்டர். நமக்குத் தேவையான எண் 40 அல்ல, அந்த 1.

இதனால்தான் ஜேபிஎஸ் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியாக நான்கு கட்டங்களை வைத்திருக்கிறது: இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து. மலாய் அறிவிப்புகளில் நார்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா என்று வருவது இவைதான். ஒரு நிலையத்தின் ஆபத்து அளவு இன்னொரு நிலையத்துக்குப் பொருந்தாது. செலாயாங் பக்கத்து எண்ணையும் கிள்ளான் எண்ணையும் பக்கத்தில் வைத்து, "அங்க 40, இங்க வெறும் 4, அப்போ நாம தப்பிச்சோம்" என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

மிகப் பழைய முறை இன்றும் இருக்கிறது. பாலத்தூணிலோ கரையிலோ எண் எழுதிய அளவுகோல் பலகையைப் பொருத்தி, கண்ணால் படிப்பது. தானியங்கி நிலையங்களில் இரண்டு வழிகள் அதிகம். ஒன்று, பாலத்தின் அடியில் ரேடார் கருவியைத் தொங்கவிட்டு, அலை தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது. மற்றொன்று, தண்ணீருக்குள் அழுத்த உணரியை வைப்பது. மேலே தண்ணீர் கூடக் கூட அழுத்தமும் கூடும்.

மட்டம் மட்டுமே போதாத இடங்களும் உண்டு. 2007இல் திறக்கப்பட்ட, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். அதற்குள் தண்ணீரைத் திருப்பிவிடலாமா என்பதை முடிவு செய்வது நீரோட்டத்தின் அளவு, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் வருகிறது என்பது. நொடிக்கு 70 கன மீட்டரைத் தாண்டினால் சுரங்கத்தின் அடித்தளத்தில் வெள்ளநீரை விடுவார்கள். சாலை திறந்தே இருக்கும். 150ஐத் தாண்டும் பெருமழை என்றால் சாலையையே மூடி, சுரங்கம் முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்மார்ட் காப்பாற்றுவது கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து, அம்பாங் பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்தைத் திருப்பித்தான். செலாயாங் பக்கத்துத் தண்ணீர் அந்த வழியில் போவதில்லை. இந்தப் பக்கத்துக்கு பத்து, ஜிஞ்சாங் நீர்த்தேக்கக் குளங்கள் தனியாக இருக்கின்றன.

மழைக்கும் ஆழம் உண்டா?

உண்டு. மழையை மில்லிமீட்டரில் சொல்கிறோமே, அதுவும் ஓர் ஆழம்தான். பெய்த மழை எங்கேயும் ஓடாமல், மண்ணில் இறங்காமல், விழுந்த இடத்திலேயே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்ற கணக்கு. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர்.

2021 டிசம்பர் 18ஆம் தேதியை கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறக்க முடியாது. செலாயாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் செந்தூலில் அன்று சுமார் 360 மில்லிமீட்டர் மழை பதிவானது. கோலாலம்பூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாகச் சுமார் 2,400 மில்லிமீட்டர். ஒரு மாதத்துக்கு மேல் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது.

360 மில்லிமீட்டர் என்றால் 36 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழேதான். "அவ்வளவுதானா?" என்று தோன்றலாம். ஆனால் தண்ணீர் விழுந்த இடத்தில் நிற்பதில்லை. 100 சதுர மீட்டர் கூரையில் மட்டும் அந்த மழை 36,000 லிட்டர், அதாவது 36 டன். சிமெண்ட்டும் தாரும் மூடிய நகரத்தில் அத்தனை கூரைகளின், சாலைகளின் தண்ணீரும் தாழ்வான இடத்தைத் தேடி ஓடுகிறது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற தாழ்வான குடியிருப்புகளில் மக்கள் கூரை மீதும் மேல்மாடியிலும் ஏறி, படகுக்காகக் காத்திருந்தது இப்படித்தான்.

அந்தப் பருவமழை வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புள்ளிவிவரத் துறையின் மதிப்பீட்டில் இழப்பு 610 கோடி ரிங்கிட். மழையின் மில்லிமீட்டர் உங்கள் தெருவில் எத்தனை அடியாக மாறும் என்பதை முடிவு செய்வது உங்கள் தெருவின் உயரம்தான்.

அணைக்கட்டில் மீட்டரா, விழுக்காடா?

சுங்கை பத்து ஆற்றின் மேலே பத்து அணைக்கட்டு இருக்கிறது. தைப்பூசத்தில் காவடி எடுக்குமுன் பக்தர்கள் நீராடும் அதே ஆறுதான் இது. அந்த அணைக்கட்டுக்கு இரண்டு வேலை: வெள்ளத்தைத் தடுத்து நிறுத்துவது, குடிநீருக்குத் தண்ணீர் சேர்ப்பது. குடிநீருக்கு அணை நிறைந்திருந்தால் நல்லது; வெள்ளத்தைத் தாங்க மேலே காலியிடம் இருந்தால் நல்லது. அதனால் அங்கே மட்டத்தின் ஒவ்வொரு மீட்டரும் முக்கியம்.

அணைக்கட்டுச் செய்தியில் மட்டம் மீட்டரிலும் இருப்பு விழுக்காட்டிலும் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைக்கக் கூடாது. பள்ளத்தாக்கு அடியில் குறுகி, மேலே போகப் போக விரியும். ஒரு புனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அதில் இருப்பது பாதித் தண்ணீர் அல்ல, எட்டில் ஒரு பங்குதான். அணைக்கட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேலே உள்ள சில மீட்டரில்தான் பெரும்பகுதித் தண்ணீர் இருக்கிறது. கீழே போனால் அதே ஒரு மீட்டர் சீக்கிரமாகவே தீர்ந்துவிடும். 2014ஆம் ஆண்டு சிலாங்கூரில் குடிநீர்ப் பங்கீடு நடந்தபோது மக்கள் தினமும் விழுக்காட்டைக் கவனித்தார்கள். அந்த இடத்தில் விழுக்காடுதான் சரியான எண்.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்கு "மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி" என்ற வரி பழக்கமானது. மேட்டூர் நிரம்பும்போது தண்ணீரின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தில் இருக்கும். ஆனால் அங்கே எண்ணத் தொடங்குவது 670 அடியிலிருந்து, அதனால்தான் 120. கடலைப் பூஜ்யமாக வைக்காமல், அணைக்கென்று ஒரு பூஜ்யத்தை வைத்துக்கொண்டார்கள். முல்லைப் பெரியாறு அணையில் எத்தனை அடி வரை தேக்கலாம் என்ற கேள்வி இரண்டு மாநிலங்களின் வழக்காகி, 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. ஒரு எண்ணுக்காக இவ்வளவு பெரிய சண்டை வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

கடலில் வேறு பூஜ்யமா?

ஆமாம். செலாயாங் தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் கிள்ளான் துறைமுகத்தில் கணக்கு மறுபடியும் மாறுகிறது. நில அளவையாளருக்குச் சராசரிக் கடல் மட்டம் போதும். கப்பல் மாலுமிக்குப் போதாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் அடியில் தட்டிவிடுமா என்பதுதான் அவருடைய கவலை. அதனால் கடல் வரைபடங்களில் ஆழத்தை, ஏறக்குறைய மிகத் தாழ்வான வற்றுநீர் மட்டத்திலிருந்து எண்ணுகிறார்கள். வரைபடத்தில் 10 மீட்டர் என்றிருந்தால், மிக மோசமான நேரத்திலும் கிட்டத்தட்ட 10 மீட்டர் இருக்கும் என்று நம்பலாம்.

கடலோர மக்களுக்கு இது நேரடியாக முக்கியம். "கிள்ளான் துறைமுகத்தில் 5.5 மீட்டர் பெரிய அலையேற்றம்" என்ற அறிவிப்பைப் பார்த்து, வீட்டுக்குள் 5.5 மீட்டர் தண்ணீர் வரும் என்று சிலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண்ணும் வற்றுநீர்ப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. சராசரிக் கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய அதில் பாதிதான். அதற்காக அலட்சியப்படுத்தவும் முடியாது. கடல் ஏறி நிற்கும்போது ஆற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் தேங்கும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் கிள்ளான் பக்கம் நிலைமை மோசமாகும்.

கடல் ஆழத்தை அன்று கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி அளந்தார்கள். இரண்டு கைகளையும் விரித்த நீளம்தான் அளவு. தமிழ் மீனவர்கள் அதைப் பாகம் என்பார்கள், மலாயில் டெப்பா, ஆங்கிலேயர்களுக்கு அது ஃபேதம், 6 அடி. கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே மலாக்கா நீரிணையில் கலங்கரை விளக்கத்தோடு நிற்கும் மணல்திட்டின் பெயரே பெர்மாத்தாங் செடெப்பா, 'ஒரு பாகத் திட்டு'. ஆழமே பெயராகிவிட்டது.

இன்று ஒலி அலையை அனுப்பி அளக்கிறார்கள். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். அனுப்பிய ஒலி 0.04 நொடியில் திரும்பினால், போகவும் வரவும் 60 மீட்டர். ஆழம் 30 மீட்டர். மலாக்கா நீரிணையைக் கடக்கும் மிகப் பெரிய கப்பல்களுக்கு, அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் இடையே எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. கவனியுங்கள்: இங்கேயும் பாதுகாப்பைத் தீர்மானிப்பது மொத்த ஆழம் அல்ல, மிச்சம் உள்ள இடைவெளி.

வீட்டு வாசலில் எந்த எண் முக்கியம்?

வெள்ளம் சாலைக்கு வந்துவிட்டால் கடல் மட்டக் கணக்கு உதவாது. இப்போதுதான் உண்மையான ஆழம் முக்கியமாகிறது: நீங்கள் நிற்கும் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவுகள் இவை: வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு பெரியவரைக் கீழே தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் போதும், பெரும்பாலான கார்களை இழுத்துக்கொண்டு போக. 60 சென்டிமீட்டர் ஓடினால் எஸ்யூவி, லாரிகூடத் தாங்காது.

15 சென்டிமீட்டர் என்பது கணுக்காலுக்குச் சற்று மேலே. "இவ்வளவுதானே, மோட்டார்ல போயிடலாம்" என்று தோன்றும் அளவுதான் அது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேலும், கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, மூடியில்லாத கால்வாய் இருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

அடுத்த முறை எண் வரும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில், எங்கிருந்து அளந்தது என்று கேளுங்கள். ஆற்று மட்டமா, அலையேற்றமா, மழையா, சாலையில் நிற்கும் தண்ணீரா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் வேறு.

இரண்டாவது, ஆற்று மட்டம் என்றால் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். அதே நிலையத்தின் ஆபத்து அளவைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

மூன்றாவது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனியுங்கள். மிச்சம் 1 மீட்டர், அரை மணி நேரத்தில் அரை மீட்டர் ஏறியிருக்கிறது என்றால், அதே வேகத்தில் போனால் உங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். மலையடிவாரத்து ஆறுகள் சீக்கிரம் ஏறும். அந்த ஒரு மணி நேரமும் உறுதியில்லை.

நான்காவது, படம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய மட்டத்தை இப்போது பகிர்ந்தால் அது தவறான தகவல்தான். இன்ஃபோபஞ்சிர் தளத்தில் உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள நிலையம் எது என்று மழை இல்லாத ஒரு நாளில் பார்த்துக் குறித்துவையுங்கள். உங்களுக்குக் கீழே உள்ள நிலையம் ஏறும்போது பார்த்துப் பயனில்லை.

கடைசியாக, வீட்டில் அப்பா அம்மாவுக்கோ தாத்தா பாட்டிக்கோ அந்தத் தளத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். மலாயும் ஆங்கிலமும் தெரிந்த நீங்கள்தான் அந்த எண்ணைத் தமிழில் சொல்லப் போகிறீர்கள். "40 மீட்டராம்" என்று சொல்லாதீர்கள். "கரையைத் தொட இன்னும் ஒரு மீட்டர்தான் இருக்கு, ஒரு மணி நேரம்கூட இல்ல, கிளம்புவோம்" என்று சொல்லுங்கள். தண்ணீர் சூழ்ந்துவிட்டால் இறங்கி நடக்க முயலாமல் உயரமான இடத்துக்குப் போய் 999ஐ அழையுங்கள்.